முப்பது ரூபாய்க்குப் பிறந்த அட்டை

மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பழைய தகரப்பெட்டியைத் திறந்தால், ரேஷன் கார்டுக்கும் பிள்ளைகளின் டி.சி.க்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடக்கலாம். வங்கி அட்டை அளவுதான் இருக்கும். ஒரு மூலையில் பொன்னிற சிப். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் அது செல்லாது. ஆனாலும் தூக்கிப்போட மனம் வராது. ஆபத்துக்கு உதவிய பொருளை அடுப்பில் போடுவது நம் வழக்கமில்லை.

அந்த அட்டை எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, பிளாஸ்டிக் உடம்பை விட்டு எப்போது வெறும் எண்ணாக மாறியது என்பதே இந்தக் கதை. அட்டையில் எழுதாத ஒரு விஷயமும் கூடவே வருகிறது. நோயாளி பார்ப்பது எத்தனை ரூபாய்க்குச் சிகிச்சை என்ற எண்ணை. ஆஸ்பத்திரி பார்ப்பது அந்தப் பணம் எந்த முறையில், எத்தனை நாளில் தன் கைக்கு வரும் என்பதை.

இதைத் தோட்டத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. நாள் சம்பளம் என்றால் கை ஒரு வேகத்தில் போகும். விதித்த எடைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு என்றால் கை வேறு வேகத்தில் போகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விழவேண்டிய பையில் முற்றலும் சேர்ந்து விழும். 2015 செப்டம்பரில் மூணாறில் சாலையை மறித்து உட்கார்ந்த பெண்களை நாடே திரும்பிப் பார்த்தது. ‘பெம்பிளை ஒருமை’ என்று அழைக்கப்பட்ட அவர்கள், 232 ரூபாய் நாள் சம்பளத்தை 500 ஆக்கச் சொன்னார்கள். கடைசியில் கிடைத்தது 301. கூலி முறை மாறினால் வேலையின் குணமும் மாறும் என்பது அவர்கள் உடம்பால் அறிந்த பாடம். அதே பாடம் மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

அட்டைக்கு முன்பு

அட்டை வருவதற்கு முன்னால் மலையில் ஒரு ஏற்பாடு இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தரும் பொறுப்பைத் தோட்ட முதலாளியிடம் கொடுத்தது. எஸ்டேட் டிஸ்பென்சரி, அதற்கு மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரி. டாக்டருக்கு மாதச் சம்பளம், நோயாளிக்குப் பில் கிடையாது.

இந்த முறையில் தேவையில்லாமல் கத்தி வைக்க டாக்டருக்கு ஒரு காரணமும் இல்லை. பத்துப் பேரைப் பார்த்தாலும் நூறு பேரைப் பார்த்தாலும் அதே சம்பளம். ஆனால் கூடுதலாக ஒரு கை கொடுக்கவும் அதே அளவுக்குத்தான் காரணம் இருந்தது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் அட்டப்பாடியிலும் இருந்த அரசு ஆஸ்பத்திரிகளும் இதே கணக்கில்தான் ஓடின. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்கும், அதற்குள் மருந்தும் கட்டிலும். ஒதுக்கீடு தீர்ந்தால் சீட்டு எழுதி வெளியே வாங்கச் சொல்வார்கள்.

எஸ்டேட் முறைக்கு இன்னொரு பலவீனம், தோட்டம் இருந்தால்தான் ஆஸ்பத்திரி. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு தாலுகாவில் தோட்டங்கள் வரிசையாக மூடப்பட்டன. சம்பளத்தோடு ரேஷன், பிராவிடண்ட் பண்டு, டிஸ்பென்சரி எல்லாம் ஒன்றாகப் போயின. லயத்தில் மனிதர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

பிறப்பு: 2008

அட்டை பிறந்த ஆண்டு 2008. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவைத் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம், அதிகபட்சம் ஐந்து பேர், ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. பதிவுக்குக் குடும்பம் கட்டவேண்டியது 30 ரூபாய். ஏற்கெனவே உள்ள நோயென்று தள்ளமாட்டார்கள், வயது வரம்பும் கிடையாது. அதே ஆண்டு கேரளம் இதை ஏற்று, மத்தியப் பட்டியலில் விடுபட்ட ஏழைகளையும் சேர்த்துத் தன் திட்டத்தை விரித்தது. அதை நடத்த ‘சியாக்’ என்ற தனி முகமை உருவானது.

முகாமில் விரல் ரேகை எடுத்து, படம் பிடித்து, அங்கேயே அட்டையைக் கையில் கொடுப்பதுதான் முறை. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை தேடிய அந்த இயந்திரத்தின் பாடு தனிக்கதை. ஊருக்கு வெளியே போகும் செலவுக்காக ஒவ்வொரு முறையும் 100 ரூபாயும் அட்டையில் உண்டு. மறையூர் மலையிலிருந்து ஜீப் பிடித்து இறங்குபவருக்கு அந்த நூறு எவ்வளவு தூரம் போகும் என்பதை டெல்லியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தச் சின்ன அட்டைக்குள் இரண்டு கூலி முறைகள் இருந்தன. டெண்டரில் தேர்வான இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு பிரீமியம் கட்டியது. குடும்பம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாவிட்டால் கம்பெனிக்கு லாபம். ஆஸ்பத்திரிக்கோ, ஆள் வந்தால்தான் வரவு. ஆள் குறைவாக வரவேண்டும் என்று நினைக்கும் கையும், அதிகம் வரவேண்டும் என்று நினைக்கும் கையும் ஒரே அட்டையை இரண்டு பக்கம் பிடித்து இழுத்தன.

ஆஸ்பத்திரிக்கான வரவிலும் இரண்டு வகை. அறுவைச் சிகிச்சைக்கு மொத்த விலை, அதாவது பேக்கேஜ். காய்ச்சல், நெஞ்சுச்சளி போன்று மருந்தால் தீரும் நோய்க்கு நாள் கணக்கு: பொது வார்டில் ஒரு நாளுக்கு 500 ரூபாய், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 1,000. டாக்டர், மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அதற்குள். நாள் கணக்கில் முதல் நாள்தான் செலவு அதிகம். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அன்றைக்கே முடிந்துவிடும். நான்காம் நாள் நோயாளி கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்தாலும் அதே 500. ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க’ என்பது அக்கறையாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம். பேக்கேஜில் இது தலைகீழ். பணம் ஒரே தொகை என்பதால், எவ்வளவு சீக்கிரம் கட்டில் காலியாகிறதோ அவ்வளவு நல்லது.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இது புது அனுபவம். அதுவரை கூட்டம் என்றால் சுமை. இப்போது அட்டையோடு வரும் ஒவ்வொரு நோயாளியும் கிளெய்ம். அந்தப் பணம் ஆஸ்பத்திரியின் வளர்ச்சிக்குழுக் கணக்கில் சேர்ந்து, மருந்தாகவும் கருவியாகவும் திரும்பியது. ஒதுக்கீட்டை மட்டும் நம்பிக் கிடந்த தாலுகா ஆஸ்பத்திரிக்கு, தானே செலவு செய்யக்கூடிய பணம் முதன்முறையாகக் கிடைத்தது. அட்டை செய்த பெரிய நன்மைகளில் இது ஒன்று.

துண்டுக்கூலியின் முற்றல் இலை

அதே அட்டை வேறு மாநிலங்களில் என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012-ல் பீகாரின் சமஸ்திபூரிலும் சத்தீஸ்கரிலும் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்ட ஏழைப் பெண்களின் கதை வெளியே வந்தது. சாதாரண வெள்ளைப்படுதலுக்கும் வயிற்றுவலிக்கும் போன பெண்கள் அவர்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் கிடைக்காது, கட்டிலில் படுக்கவைத்து அறுத்தால் பேக்கேஜ் கிடைக்கும். ஆந்திராவின் ஆரோக்யஸ்ரீ திட்டத்திலும் இதே பிரச்சினை எழுந்து, கர்ப்பப்பை அறுவையைத் தனியார் கையிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. எல்லா டாக்டரும் அப்படியல்ல. ஆனால் கிலோவுக்குக் காசு என்று விதித்துவிட்டு, பையில் முற்றல் விழுந்ததே என்று ஆச்சரியப்படவும் முடியாது.

லாட்டரிச் சீட்டோடு சம்பந்தம்

30,000 ரூபாய் பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் போதும், புற்றுநோய்க்குப் போதாது. 2011-ல் கேரளம் ‘சிஸ் பிளஸ்’ என்ற பெயரில் இதயம், சிறுநீரகம், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மேலும் 70,000 ரூபாய் சேர்த்தது. இதில் இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது, அரசு முகமையே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. இடைக்கை இல்லாமல் கணக்கு நடக்குமா என்பதற்கு அதுவே ஒத்திகை.

அடுத்த ஆண்டு காருண்யா உதவி நிதி வந்தது. அதன் ஊற்று காருண்யா லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி கிடையாது. அதனால் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், குமுளி எல்லைக் கடைகளில் சீட்டு வாங்குபவர்களில் பொள்ளாச்சிக்காரரும் கம்பத்துக்காரரும் உண்டு. கோடி விழும் என்று அவர்கள் கொடுத்த காசில் ஒரு பங்கு, கேரளத்தில் யாரோ ஒருவரின் டயாலிசிஸுக்குப் போனது. எல்லை தாண்டிய தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம், கொடுத்தவர்கள் அப்படி நினைத்துக் கொடுக்கவில்லை என்றாலும்.

மறுபிறப்பு: 2019

2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் ஜன ஆரோக்கியத் திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 2019 ஏப்ரல் 1 முதல் கேரளம் தன் பழைய திட்டங்களை அதனோடு இணைத்துக் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி என்று பெயர் வைத்தது. மக்கள் வாயில் ‘காஸ்ப்’. சுமார் 42 லட்சம் குடும்பங்கள். மத்திய அரசின் பங்கு அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குத்தான், அதுவும் குடும்பத்துக்கு 1,052 ரூபாய் என்ற உச்சவரம்பில் 60 சதவீதம். முதல் ஆண்டில் கேரளத்துக்குக் கிடைத்த டெண்டர் விலையோ 1,671 ரூபாய். மீதியை மாநிலக் கஜானா சுமந்தது. 2020 ஜூலை 1-ல் இன்சூரன்ஸ் கம்பெனியை விலக்கிவிட்டு, மாநில சுகாதார முகமையே பணம் கொடுக்கத் தொடங்கியது.

அட்டையின் பழைய உடம்பு இத்துடன் போயிற்று. இப்போது அது ஆதாரோடும் ரேஷன் கார்டோடும் கட்டிய ஓர் எண். அந்த எண் இன்று போகும் வழியைப் பார்ப்போம்.

தேவிகுளம் தாலுகாவில் ஓர் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியின் காஸ்ப் கவுண்டரில் ‘ஆரோக்கிய மித்ரா’ எனப்படும் ஊழியர் எண்ணைத் தட்டி, ஆள் அவர்தான் என்று உறுதி செய்கிறார். எக்ஸ்ரேயும் டாக்டரின் குறிப்பும் கணினியில் ஏறுகின்றன. எங்கோ உட்கார்ந்திருக்கும் முன்அனுமதிக் குழு மருத்துவர் அதைப் பார்த்துச் சரி சொன்னால் அறுவை. முடிந்ததும் அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு புகைப்படம். பதினைந்து நாளைக்கான மருந்தும் பேக்கேஜுக்குள் அடக்கம். பிறகு கிளெய்ம் மேலே போகிறது. முதலில் ஒரு நிர்வாகி காகிதங்களைச் சரிபார்ப்பார், அடுத்து ஒரு மருத்துவர் சிகிச்சையை, கடைசியில் கணக்கு அதிகாரி தொகையை. அதன்பின் வங்கி. தேசிய விதிப்படி மாநிலத்துக்குள் 15 நாள், வெளி மாநிலத்தில் சிகிச்சை பெற்றால் 30 நாள். காகிதத்தில் ஒன்று குறைந்தால் எண் வந்த வழியே திரும்பும்.

இத்தனை வாசல் இருந்தும் ஓட்டை இருந்தது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, நாடு முழுவதும் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததைச் சொன்னது. இறந்ததாகக் குறிக்கப்பட்டவர்கள் பேரில் பின்னர் கிளெய்ம் கொடுக்கப்பட்ட பட்டியலில் அதிகம் இருந்தது கேரளம்: 966 பேர். காகிதம் சரியா என்று பார்த்த அளவுக்கு மனிதர் குணமானாரா என்று பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மலைக்கும் சமவெளிக்கும் ஒரே விலையா?

அந்த அக்காவுக்கு வயது 50, வேறு நோய் இல்லை என்றால் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகும். அவருக்கே 70 வயது, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உண்டு என்றால் கூடுதல் ரத்தம், கூடுதல் நாள், கூடுதல் கவனம். பேக்கேஜ் தொகையோ அதே. முன்அனுபவமுள்ள எந்த ஆஸ்பத்திரி மேலாளரும் இரண்டாவது ஆளைப் பார்த்ததும் ‘இங்கே வசதியில்லை, கீழே கொண்டுபோங்க’ என்று சொல்லவே ஆசைப்படுவார். கீழே என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. மூணாறிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் மலைப்பாதை. இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஒரு அறுவை.

இதைச் சரிக்கட்டத் தேசிய விலைப்பட்டியலில் சில சலுகைகள் வைத்தார்கள். தரச்சான்று பெற்ற ஆஸ்பத்திரிக்கு 10 முதல் 15 சதவீதம் கூடுதல். முதுநிலை மருத்துவம் கற்பிக்கும் இடத்துக்கு 10. ‘முன்னேறத் துடிக்கும் மாவட்டம்’ என்று அரசு குறித்த மாவட்டங்களுக்கு 10. கேரளத்தில் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே மாவட்டம் வயநாடு. ரயில் பாதையே இல்லாத இடுக்கி அதில் இல்லை. பாலக்காடு மாவட்டத்துக்குள் இருப்பதால் அட்டப்பாடியும் இல்லை. 2013-ல் பழங்குடிக் குழந்தைகளின் சாவுக்காக நாடே பேசிய அட்டப்பாடி, மாவட்டச் சராசரிக்குள் மறைந்துபோகிறது. 2022-ல் வந்த புதிய விலைப்பட்டியல் நகரத்தின் வகையைப் பார்த்து விலையில் வேறுபாடு வைத்தது. பெருநகரத்தில் வாடகையும் சம்பளமும் அதிகம் என்பது நியாயம்தான். ஆனால் மலைக்கு ஒரு எலும்பு மருத்துவரை வரவழைத்துத் தங்கவைக்க ஆகும் செலவு எந்த வகைக்குள் வருகிறது?

எல்லைக்காரருக்கு இன்னொரு சிக்கல். மறையூருக்கு உடுமலைப்பேட்டையும், குமுளிக்குத் தேனியும், அட்டப்பாடிக்கு ஆனைக்கட்டி வழியாகக் கோயம்புத்தூரும்தான் பக்கம். மொழியும் வசதி. ஆனால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும். தேசியத் திட்டத்தில், அதில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம் என்பது விதி. அங்கே போன கிளெய்முக்கு 30 நாள் என்பதும் விதி. உள்ளூர் நோயாளிக்கு 15 நாளில் பணம் வரும்போது, வெளியூர் நோயாளியை எந்த ஆஸ்பத்திரி முதலில் அழைக்கும்?

தாமதமும் ஒரு விலைக்குறைப்பு

பணம் எந்த முறையில் வருகிறது என்பதைப் போலவே எப்போது வருகிறது என்பதும் சிகிச்சையின் தரத்தைத் தொடும். 2023-ல், பாக்கி தீராவிட்டால் அக்டோபர் 1 முதல் காஸ்பிலிருந்து விலகுவோம் என்று கேரளத் தனியார் மருத்துவமனைகளின் சங்கம் அறிவித்தது. தனியார் விலகலாம், அரசு ஆஸ்பத்திரி எங்கே போகும்? கிளெய்ம் பணம் வராதபோது அது மருந்துக்காரருக்குப் பாக்கி வைக்கும். 2025 தொடக்கத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மருந்து விநியோகஸ்தர்கள் சரக்கு அனுப்புவதையே நிறுத்தினார்கள். 5 லட்சம் என்ற எண் அப்போதும் அட்டையில் பத்திரமாக இருந்தது. மருந்துதான் அலமாரியில் இல்லை.

உலகம் கற்ற பாடம்

நோயின் கனத்தைப் பார்த்து விலை வைக்க முடியாதா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோய், வயது, கூடவே இருக்கும் மற்ற நோய்கள் ஆகியவற்றைச் சேர்த்து நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விலை. சுருக்கமாக டி.ஆர்.ஜி. 1983-ல் அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர் இதை ஏற்றது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறைந்தது. இறப்பு கூடவில்லை. ஆனால் உடல்நிலை நிலைப்படுவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதிகமானார்கள் என்று 1990-ல் வெளியான ரேண்ட் நிறுவன ஆய்வு காட்டியது. தாய்லாந்து 2002-ல் தன் மக்கள் அனைவருக்குமான திட்டத்தில் இரண்டையும் கலந்தது. வெளிநோயாளிச் சிகிச்சைக்கு, பொறுப்பில் உள்ள ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கு. உள்நோயாளிக்கு, மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு போட்டு அதற்குள் டி.ஆர்.ஜி. ஆள் நோயில் விழாமல் பார்த்துக்கொண்டாலும் அங்கே ஆஸ்பத்திரிக்கு வரவு உண்டு.

இந்தியாவில் டி.ஆர்.ஜி.யைச் சோதித்துப் பார்க்கத் தேசிய சுகாதார ஆணையம் 2022-ல் தேர்ந்தெடுத்த ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ள அந்த அக்காவுக்கு இதில்தான் நியாயம் கிடைக்க வழி இருக்கிறது. கனமான நோயாளிக்குக் கனமான தொகை என்றால் ‘கீழே கொண்டுபோங்க’ என்பது குறையும். அதே சமயம், நோயைக் கனமாக எழுதிக்காட்டும் ஆசையும் சேர்ந்து வரும். குற்றமில்லாத கூலி முறை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற காவல் வேண்டும்.

அட்டை இன்றுவரை எட்டிப்பார்க்காத இடமும் ஒன்று உண்டு. காஸ்ப் படுக்கையில் சேர்ந்தவருக்கான திட்டம். தினமும் விழுங்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கு அதில் காசில்லை. அந்த மாத்திரை மாநில அரசின் ஆர்த்ரம் இயக்கத்தின் குடும்ப ஆரோக்கிய மையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், அந்த மையமோ பழைய ஒதுக்கீட்டு முறையில் ஓடுகிறது. மாத்திரை தீர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கவாதம் வந்தால் மட்டும் அட்டை விழித்துக்கொள்ளும்.

தேர்தல் வரும்போதெல்லாம் அட்டையின் தொகையை ஏற்றுவதாக யாராவது சொல்வார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் நகரும் பெண்ணை எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாது. பையின் எடைக்கு எத்தனை கழிவு போட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அந்தக் கண்ணோடு நாமும் கேட்கவேண்டியவை சில உண்டு. ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பணம் தருகிறீர்கள்? 15 நாளில் தருகிறீர்களா? தராத நாளின் கணக்கை ஆஸ்பத்திரிவாரியாக வெளியிடுவீர்களா? இடுக்கிக்கும் அட்டப்பாடிக்கும் மலைக்கூலி உண்டா? வீட்டுக்குப் போன நோயாளி ஒரு மாதம் கழித்து எழுந்து நடந்தாரா என்று யார் போய்ப் பார்ப்பது? இவற்றுக்குப் பதில் வாங்காமல் தொகையை மட்டும் கேட்டுக் கைதட்டினால், தகரப்பெட்டியில் இன்னொரு அட்டை சேரும், அவ்வளவுதான்.